விளக்கு எரிகிறது, பெயர் வரவில்லை

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டின் நடு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மீராசா மரைக்கார், அவருடைய மனைவி சபியா உம்மா, மகள் சிபானா, சிபானாவின் கணவன் றிஸ்மி. ஐந்தாவது ஆள் இருக்கவில்லை. ஜன்னலோரத்திலும் யாரும் நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று பொழுது சாய்வதற்குள், அந்த அறையில் நடந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சொன்னவர்களை ஒன்றுசேர்த்தால் ஒரு பந்திக்கு ஆள் தேறியிருக்கும்.

மேசையில் றிஸ்மியின் லெப்டொப் திறந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முழ நீளத்தில் கறுப்பாகக் கிடந்தது கீபோர்ட். வெள்ளையும் கறுப்புமாக அறுபத்தொரு கட்டைகள். ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு.

"விளக்கு எரியுதே," என்றார் சபியா உம்மா.

"எரியுது மாமி. கரண்ட் போகுது. ஆனா இப்பிடி ஒரு சாமான் வந்து நிக்கிறது கம்பியூட்டருக்குத் தெரியல்ல."

மற்ற நாட்களில் கேபிளைச் செருகிய உடனே திரையிலுள்ள பட்டியலில் கீபோர்ட்டின் பெயர் வந்து நிற்கும். பிறகுதான் றிஸ்மி காதில் ஹெட்போனை மாட்டுவான். இன்று பட்டியல் வெறுமையாகக் கிடந்தது.

"மறுகா ஒருக்கா கழட்டிப் போட்டுப் பாருங்களன்," என்றாள் சிபானா.

"பதினொரு தரம் கழட்டிட்டன்."

"மத்த ஓட்டையில?"

"மூண்டு ஓட்டையிலயும் பாத்தாச்சு. அணைச்சு எழுப்பியும் பாத்தாச்சு. பழைய மென்பொருள அழிச்சுப் போட்டுப் புதுசா ஏத்தியும் பாத்தாச்சு."

மீராசா மரைக்கார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சாமானின் பெயரை அவர் இரண்டு வருடமாக வாயால் சொன்னதில்லை. 'பெட்டி' என்பார். இல்லாவிட்டால் 'அது' என்பார்.

"அதுக்கு என்னவாம்?" என்று கேட்டார்.

"விளங்கல்ல மாமா," என்றான் றிஸ்மி.

அவருக்கு விளங்கியது. விளங்கிய ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தார்.

தொடர்ந்து படித்து வருபவர்களுக்கும் விளங்கும். போன வெள்ளிக்கிழமை மரைக்காரின் காலமான மூத்த ராத்தாவுக்கு, அவருடைய அக்காவுக்கு, நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். சம்மாந்துறையிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வான் நிறைய வந்தார்கள். பெண்கள் தங்குவதற்கு ஒதுக்கியது சிபானாவின் அறையை. றிஸ்மி கொழும்புக்குப் போயிருந்தான். கீபோர்ட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தான். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருக்கும் மனிதரின் வீட்டில், மகளின் கட்டிலுக்குக் கீழே ஓர் இசைக் கருவி. அதைச் சம்மாந்துறைப் பெண்கள் குனிந்து பார்ப்பதை நினைத்தபோது மரைக்காருக்கு வியர்த்துவிட்டது. வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, எல்லோரும் சமையலில் மும்முரமாக இருந்த நேரம், அதை ஒரு பழைய சாரனில் சுற்றிக் கொண்டுபோனார். பின்னறையில் பலகை அடைத்துக் கொட்டியிருந்தது வயலிலிருந்து வந்து ஒரு கிழமையும் ஆகாத புது நெல். அதற்குள் கையால் குழி தோண்டிப் புதைத்தார். ஞாயிறு காலை எடுத்து, தட்டித் துடைத்து, பழைய இடத்தில் தள்ளி வைத்தார். வேலை சுத்தமாக முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

இப்போது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றுதான். கொழும்பில் சிறுவர் கார்ட்டூன் தயாரிக்கும் ஒரு நிறுவனம் றிஸ்மியிடம் ஆறு துண்டு இசை கேட்டிருந்தது. அது பிடித்தால் ஒரு வருட வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு துண்டு போய்விட்டது. மீதி நான்கும் இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் போக வேண்டும். நான்கும் அவன் மனதில் தயாராக இருந்தன. விரல் வைப்பதுதான் பாக்கி. அனுப்பினால் அவன் இங்கே இருப்பான். அனுப்பாவிட்டால் கட்டார். பாஸ்போர்ட் ஏஜென்சிக்காரரிடம் கிடந்தது. ஏஜென்சிக்காரரும் பதில் கேட்டிருந்தது இதே நாளுக்குள்தான். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது.

சிபானாவுக்கு ஏழு மாதம்.

"மவுஸால செய்ய ஏலாதா?" என்று அவள் கேட்டாள். "அண்டைக்கு குத்திக் குத்தி ஒண்டு செஞ்சீங்களே."

"ஒண்டு முடிய ரெண்டு நாள் போச்சு. அதுவும் செத்த பாட்டு மாதிரி இருந்துச்சு. அவங்க கேக்கிறது கையால வாசிச்சத."

"பாண்டிருப்பு மியூசிக் சேர்ட்ட ஒரு கீபோர்ட் இரிக்கெண்டு சொன்னீங்க?"

"காலத்தால கோல் எடுத்தன். கோயில் திருவிழாவுக்கு வாசிக்கிறதுக்குத் திருக்கோவிலுக்கு கொண்டு போயிட்டாராம். வியாழக்கிழமைதான் வருவாராம்."

சிபானா தரையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"வியாழக்கிழமை காலத்தால நான் கட்டிலுக்குக் கீழ தண்ணி ஊத்தித் துடைச்சன். ஆக்கள் வாறாங்க எண்டு உம்மா சொன்னா. அப்ப பட்டிருக்குமோ?"

றிஸ்மி திரையிலிருந்து முகத்தைத் திருப்பினான். அவன் சத்தம் போடுகிறவன் அல்ல. அப்போதும் போடவில்லை.

"ஒன்ட கையிலதானே தந்துட்டுப் போனன், சிபானா."

அவ்வளவுதான் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பொத்திய கையையும் மீறிச் சத்தம் வெளியே போனது. அடுத்த வளவின் சுவர் எட்டடி தூரத்தில்தான்.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. வந்த இடத்தில் நின்றது.

"அழாத மகள்," என்றார். "சாமான் எண்டா பழுதாகும்தான்."

சபியா உம்மா தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை.

*

"ஒண்டு பாக்கலாம் மாமா," என்றான் றிஸ்மி. "இதுட கேபிளும் பிரின்டர்ட கேபிளும் ஒரே சாதி. ஒரு பிரின்டர் கேபிள் கிடைச்சா, பிழை கேபிள்லயா இதுலயா எண்டு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்."

"போட்டோகொப்பிக் கடையில கேக்கேலாதா?"

"ஒன்பதரைக்குத்தான் தொறப்பாங்க."

காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவில் பிரின்டர் எங்கே இருக்கிறது என்பது நான்கு பேருக்கும் தெரியும். பள்ளிவாசல் ஒபிஸில். ஒபிஸின் திறப்புச் சாவி மரைக்காரின் இடுப்புப் பட்டியில். கேட்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. அவரும் கேட்கவிடவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கி நடந்தார்.

மரைக்கார் எப்படிப்பட்ட மனிதர் என்பதை ஊர் அறியும். இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டக் கொண்டுபோன பள்ளிவாசல் வாளியை ஒரு நாள் பிந்திக் கொண்டுவந்தவரை, கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவர். 'பள்ளிட சாமான் அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள்' என்று மேசையில் தட்டிச் சொன்னவர். அந்த மனிதர் அன்று ஒபிஸைத் திறந்து, பிரின்டருக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வெளியே வந்தபோது, பாங்கு சொல்லும் மோதினார் ஹவுளுத் தொட்டிப் பக்கம் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன மரைக்கார், நேரத்தோட?"

"ஒரு கடுதாசி தேடி வந்தன்," என்றார். காலையில் சொன்ன முதல் பொய்.

வீட்டுக்கு வந்து கேபிளை மேசையில் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று றிஸ்மி கேட்கவில்லை. கீபோர்ட்டின் முதுகில் செருகியபோது எங்கோ லேசாக நறுக்கென்றது. விளக்கு எரிந்தது. நால்வரும் திரையைப் பார்த்தார்கள்.

பட்டியல் வெறுமையாகவே இருந்தது.

*

கல்முனைக்குப் போவதென்று முடிவானதும் மரைக்கார் சொன்னார்:

"நானும் வாறன்."

"நீங்க என்னத்துக்கு மாமா?"

"ஒருத்தர் பின்னால இருந்து பிடிக்கோணும்தானே."

கீபோர்ட்டை ஒரு படுக்கை விரிப்பால் சுற்றினார்கள். மோட்டார் சைக்கிளில் றிஸ்மிக்குப் பின்னால் ஏறிய மரைக்கார் அதைக் குழந்தையை வைத்திருப்பதுபோல நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் பொதி. பிரதான வீதியில் ஏறும் இடத்தில் ஒரு புடவைக் கடைக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"மரைக்கார்! எங்க புடவைக் கட்டோட? வயல வித்துப்போட்டு யாவாரத்துல இறங்கிட்டீங்களா?"

"ஓம்," என்றார் மரைக்கார்.

இரண்டாவது பொய்.

நஸீமின் கடை கல்முனைச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. வயிறு கழற்றிய கம்பியூட்டர்கள் கூரை வரை அடுக்கப்பட்ட ஒற்றை அறை. நஸீமுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"வாங்க மரைக்கார், உக்காருங்க. அந்தக் கதிரையில வேணாம், அதுக்கு ஒரு கால் இல்ல. றிஸ்மி, என்ன பிரச்சின? விளக்கு எரியுது, பேர் வருதில்ல, அதுதானே?"

தன் கம்பியூட்டரில் செருகிப் பார்த்தான். அதே கதை. தன் கேபிளை மாற்றினான். அதே கதை.

"சரி. கேபிள் பிழையில்ல. ஒன்ட லெப்டொப் பிழையில்ல. அப்ப கள்ளன் இதுக்குள்ளதான் இரிக்கான்."

டோர்ச்சை அடித்துக் கீபோர்ட்டின் முதுகிலிருந்த சதுர ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். மெல்லிய குறடு ஒன்றை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்து, வெள்ளைக் கடதாசியில் வைத்தான்.

நசுங்கிப் பிளந்த ஒரு நெல்மணி. அதோடு கொஞ்சம் சுணை.

"என்ன றிஸ்மி இது? இதுக்குள்ள வயல் செய்றியா?" நஸீம் சிரித்தான். "மாரிப்போகமா, கோடைப்போகமா?"

யாரும் சிரிக்கவில்லை. நஸீம் சிரிப்பை மடித்துக்கொண்டு டோர்ச்சை மீண்டும் உள்ளே அடித்தான்.

"இஞ்ச பாரு. உள்ளுக்கு நாலு கால். ரெண்டு காலால கரண்ட் போகும். மத்த ரெண்டு காலாலதான் கம்பியூட்டரோட கதைக்கும். நெல்லு உள்ள இரிக்கக்குள்ள கேபிள வெச்சு அமத்திரிக்காங்க. கதைக்கிற கால் ரெண்டும் சப்பிப்போய்க் கிடக்கு. அதான் விளக்கு எரியுது, பேர் வருதில்ல. காயாத ஈர நெல்லு போலகிடக்கு, உள்ளுக்கு எல்லாம் பச்சை பிடிச்சிரிக்கி."

"எங்கட அறையில நெல்லு இல்லையே," என்றான் றிஸ்மி.

சொல்லிவிட்டு அந்த மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான். மரைக்காரின் முகத்தைப் பார்த்தான்.

அறுபத்தெட்டு வயதில் மரைக்கார் பல பேருடைய கண்ணைப் பார்த்து நியாயம் சொல்லியிருக்கிறார். காணிச் சண்டை, வேலிச் சண்டை, தலாக் வரை போன வழக்கு. யார் கண் முதலில் தாழ்கிறதோ அவன்தான் பிழைகாரன் என்பது அவருடைய கணக்கு. நஸீமின் கடையில் அவருடைய கண் தாழ்ந்தது.

றிஸ்மி நெல்மணியைக் கடதாசியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"மாத்தேலுமா நஸீம்?"

"பாப்பம். செத்த பிரின்டர் ஒண்டு கிடக்கு. அதுட ஓட்டையக் கழட்டி இதுக்குப் போடுவம். பொருந்தும்."

ஈயம் உருகும் வாசத்தில் மூன்று மணித்தியாலம் போனது. இடையில் லுஹர் தொழுகைக்கு மரைக்கார் போய்வந்தார். தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்தது. அப்படி ஒரு சந்தேகம் முன்பு வந்ததில்லை. திரும்பி வந்தபோது நஸீம் புது ஓட்டையைப் பொருத்தி முடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிஸ்மில்லாஹ்," என்று கேபிளைச் செருகினான்.

விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. றிஸ்மி கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டான்.

"வந்துட்டா?" என்றார் மரைக்கார். அந்தச் சாமானுக்காக அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

நஸீம் குனிந்து வாசித்தான். "ஏதோ வந்திரிக்கி எண்டு சொல்லுது. என்னெண்டு தெரியாதாம்." கழற்றி மறுபடி செருகினான். அதே பெட்டி. இன்னொரு தரம். அதே பெட்டி. பிறகு அதுவும் வரவில்லை.

"ஈரம் உள்ள போயிரிக்கி," என்றான் கடைசியில். "அதுக்கு மேல கரண்ட் குடுத்துக் குடுத்துப் பாத்திரிக்கீங்க. கதைக்கிற சிப் எரிஞ்சிட்டு. அது கொழும்புலயும் கிடைக்காது. குறை நினைக்காத றிஸ்மி, இது முடிஞ்சுது."

மணி மூன்றே முக்கால்.

*

வீட்டு வாசலில் இறங்கிய உடனே றிஸ்மி கொழும்புக்கு அழைத்தான். முற்றத்தில் நின்றுதான் கதைத்தான். இரண்டு நாள் அவகாசம் கேட்டான். ஒரு நாள் கேட்டான். பிறகு "பரவால்ல மிஸ், விளங்குது" என்றான். அடுத்த அழைப்பு ஏஜென்சிக்காரருக்கு. அது அரை நிமிடத்தில் முடிந்தது.

"நாளைக்குக் காலையில கொழும்புல மெடிக்கல் செக்கப்பாம்," என்றான் உள்ளே வந்து. "இண்டைக்கு ஆறேகால் பஸ்ஸுக்குப் போகோணும்."

சிபானா அலுமாரியைத் திறந்து அவனுடைய உடுப்புகளை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி விரித்து மடித்தாள். மரைக்கார் நடு அறையில் இருந்தார். கதவு திறந்தே கிடந்தது.

"புள்ள பொறக்கக்குள்ள நீங்க இருக்க மாட்டீங்க," என்றாள்.

"ஓம்."

"காதுல பாங்கு ஆரு சொல்ற?"

"மாமா சொல்லுவார்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நான்தான். நான் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா…"

"நீ இல்ல சிபானா. காலத்தால நான் கதைச்சது பிழை. மன்னிச்சுக்க."

"அப்ப என்னத்தால பழுதாகின? கடையில என்ன சொன்னாங்க?"

நடு அறையில் மரைக்கார் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தார். சொல்லப்போகிறான் என்று நினைத்தார். சொல்லட்டும் என்றும் நினைத்தார். சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை.

"உப்புக் காத்து," என்றான் றிஸ்மி. "கடல் கிட்டத்தானே. உள்ளுக்கு எல்லாம் பச்சை பிடிச்சிட்டாம்."

மரைக்கார் எழுந்து பின்பக்கம் போனார். எங்கே போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை. சமையலறை வாசலில் சபியா உம்மா நின்றார். பயணச் சோற்றுக்கு வாழையிலை வாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"என்னத்த?"

"வியாழக்கிழமை நீங்க சாரனால சுத்திக் கொண்டு போகக்குள்ள நான் இந்த இடத்துலதான் நிண்ட. நெல்லு அள்ளுற சத்தமும் கேட்ட."

அவர் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"காலத்தால இருந்து ஏன் வாய் தொறக்கல்ல?"

"நீங்க தொறப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்." இலையைப் புரட்டினார். "அதுல தனிய சத்தமே வராது. கம்பியூட்டர் இல்லாட்டி அது வெறும் பலகை. ரெண்டு வருசமா இந்த ஊட்டுல ஒருத்தரும் அதுட சத்தத்தக் கேட்டதில்ல. சத்தமில்லாத சாமான என்னத்துக்கு ஒளிச்சீங்க?"

"பாத்தா தெரியாதா, என்ன சாமான் எண்டு? என்ட ராத்தாட கத்தத்துக்கு வந்தவங்க பாத்துட்டு என்ன சொல்லுவாங்க?"

"மரைக்கார்ட மருமகன் பெட்டி வாசிக்கிறான் எண்டு சொல்லுவாங்க. ரெண்டு நாள் சொல்லிட்டு உட்டுருவாங்க." சபியா உம்மா இப்போதுதான் முகத்தைத் திருப்பினார். "இப்ப ரெண்டு வருசம்."

*

றிஸ்மி ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டான். ஒரு பயணப் பை, தோளில் லெப்டொப் பை. சிபானா வாசல் வரை வரவில்லை. அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். வயிற்றில் ஒரு கை இருந்தது. மாமியாரிடம் சோற்றுப் பொதியை வாங்கினான். மரைக்காருக்கு ஸலாம் சொல்லிக் கையை நீட்டினான்.

மரைக்கார் அந்தக் கையை விடவில்லை.

"மாப்பிள்ளை, அந்த நெல்லு…"

"விடுங்க மாமா," என்றான் றிஸ்மி தாழ்ந்த குரலில். "அவளுக்குத் தெரிய வேணாம். நானும் இல்லாம, உங்களோடயும் கோவிச்சுக்கொண்டு அவள் எப்பிடி இந்த ஊட்டுல புள்ள பெறுற?"

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தான். அவன் சந்தியில் திரும்பும் வரை மரைக்கார் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வளவின் மதிலுக்கு மேலாக இரண்டு தலைகள் எட்டிப் பார்த்ததையும் கண்டார். தலைகள் உடனே இறங்கிவிட்டன.

அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது மோதினார் அருகில் வந்தார்.

"மரைக்கார், ஒபிஸ் பிரின்டர் வேல செய்யல்ல. பாத்தா வயர காணல்ல. காலத்தால நீங்க வந்தீங்களே, கண்டீங்களா?"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கல்முனைக்குப் புறப்படும்போது றிஸ்மி மேசையிலிருந்த இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சுருட்டி லெப்டொப் பைக்குள் போட்டான். பை இந்நேரம் கொழும்பு பஸ்ஸில்.

"நாளைக்குச் சொல்றன்," என்றார்.

பள்ளிவாசலுக்கு எதிரே அச்சிமுகம்மதுவின் தேநீர்க் கடை. தொழுகை முடிந்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வழக்கம்போல அங்கே இருந்தார்கள். மரைக்கார் உள்ளே வந்ததும் பேச்சு அறுந்தது. யாரோ எழுந்து இடம் விட்டார்கள். அச்சிமுகம்மது கேட்காமலே பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கத்தைவிடப் பணிவாக வைத்தார்.

"மனச விடாதீங்க மரைக்கார்," என்றார்.

"என்னத்துக்கு?"

அச்சிமுகம்மது சுற்றிலும் பார்த்தார். பிறகு தொடங்கியதை முடித்துவிடுவது நல்லது என்று நினைத்தவர்போலச் சொன்னார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே. காலத்தால புள்ள அழுத சத்தம் தெருவுக்கே கேட்டாம். ஏழு மாசக்காரியில கை நீட்டினவன ஊட்டுக்குள்ள வெச்சிரிக்கேலுமா? வெளியில போட்டது நல்லது. வேற வாப்பா எண்டா இவ்வளவு நிதானமா இருந்திருக்க மாட்டான்."

"ஓம், ஓம்," என்றார்கள் பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள்.

"பாட்டும் பெட்டியும் கொண்டு திரிஞ்சா இப்பிடித்தான்," என்றார் இன்னொருவர். "மரைக்கார்ட குடும்பத்துக்கு வந்து வாய்ச்சான் பாருங்க. நீங்க எடுத்த முடிவு சரி. ஊர் முழுக்க உங்கட பக்கம்தான்."

தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. மரைக்கார் அதைக் கையில் எடுக்கவில்லை. அத்தனை முகங்களும் அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் இருந்த மானம் அப்படியே இருந்தது. ஒரு பிடி கூடியும் இருந்தது. தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். பேசாமல் இருந்தாலும் போதும். இந்தக் கடையில் சொல்வது எதுவாக இருந்தாலும் அவருக்கு முந்தி வீட்டுக்குப் போய்விடும். இரவு இஷாத் தொழுகைக்கு முன் சிபானாவின் காதில் விழும். அதுவும் அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து நின்றார். கூட்டங்களில் எழுவதுபோல முதுகை நிமிர்த்தித்தான் நின்றார்.

"பொய்," என்றார். "மருமகன் என்ட புள்ளையில கை வெக்கல்ல. நான் அவர வெளியில போடவுமில்ல. அவர்ட கீபோர்ட்ட நெல்லுக்குள்ள புதைச்சுப் பழுதாக்கினது நான். அதாலதான் அவர் கட்டாருக்குப் போறார்."